பதினோராவது குழி

போன வாரம் சின்னவளைக் கிடங்குக்குள், எரிந்த தீக்குச்சியும் கையுமாக நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக நிற்கிறாள். இனியாவது அவளை நகர்த்துவோம்.

அவள் கையில் இருந்தது ஒரு பை. அவள் வீட்டுப் பட்டறையில் தைக்கும் சட்டைகளை வாங்குகிறவர்களுக்கு அனுப்பும் அதே இளம்பச்சைப் பை. அதே இலைப்படம். அதன் கீழே அதே வாசகம்: ‘நூறு நாளில் நான் மண்.’ சோளமாவில் செய்த பை என்றால் காகிதம் போல எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். இது சுருண்டது, கறுத்தது, சொட்டுச் சொட்டாக உருகித் தரையில் ஒட்டிக்கொண்டது. அசல் பிளாஸ்டிக்.

யார் வேலை என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. மழை மாதத்தில் மக்கும் பைகளைக் கொண்டுபோய் இஸ்திரி பாய்லருக்குப் பக்கத்தில் அடுக்கியது அண்ணன். சூடும் ஈரமும் பட்டு அவை அலமாரியிலேயே மக்க ஆரம்பித்தன. வழியில் பை கிழிந்து சட்டைகள் பிதுங்கி விழுந்தன. வாங்கியவர்கள் படம் பிடித்துப் போட்டுக் கிழி கிழியென்று கிழித்தார்கள்.

பிறகு ஒரு நாள், “புது ரகம், கொஞ்சம் கெட்டி” என்று சொல்லி அண்ணன் புதுக் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினான். எல்லாம் சரியாகிவிட்டது. எப்படிச் சரியானது என்று சின்னவள் கேட்கவில்லை. அண்ணன் சொன்ன பிறகு அவள் என்றைக்குமே மறுகேள்வி கேட்டதில்லை.

இன்றைக்குக் குழி திறக்கும் நாள்.

இந்தக் குழி சமாசாரம் அவள் மூன்று வருஷத்துக்கு முன் ஆரம்பித்தது. பொட்டலம் கட்டும் மேஜையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு பையை எடுப்பாள். பட்டறைக்குப் பின்னால் முற்றத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, பையை விரித்துப் போட்டு மூடுவாள். மேலே எண் எழுதிய குச்சி. நூறாவது நாள் காலை பத்து மணிக்கு, வாங்குகிறவர்கள் போனில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோண்டிக் காட்டுவாள். பை இருக்காது. நகக்கண் அளவுக்கு நாலு துணுக்கு இருக்கும். அந்த மண்ணைச் சலித்து, துணுக்குகளோடு ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுத் தேதி எழுதி, முன்னறை அலமாரியில் வைப்பாள். இதுவரை பத்துக் குழி, பத்து ஜாடி.

புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவளுக்கு அந்தப் பத்து ஜாடிகள்தான் சம்பாத்தியம். ‘வந்துட்டவ’ என்று இருந்த பேர் ‘குழிக்காரம்மா’ என்று மாறியது அவற்றால்தான். பொட்டலக் கூடத்தின் சாவி அவள் இடுப்பில் தொங்கியது. அந்தச் சாவி இருக்கும்வரை அவள் இந்த வீட்டில் ஒரு ஆள்.

இன்றைக்குப் பார்க்க வருவது யார் தெரியுமா? பட்டறையில் எல்லாரும் ‘நாற்பது கடைக்காரி’ என்று கூப்பிடும் அந்த அம்மாள், நேரிலேயே. அவளுக்குப் பிடித்துவிட்டால் இந்தச் சட்டைகள் நாற்பது கடைகளில் தொங்கும். பிடிக்காவிட்டால், இப்போதே சும்மா கிடக்கும் பாதித் தையல் மெஷின்களோடு மீதிப் பாதியும் சேர்ந்துகொள்ளும்.

விடிந்தும் விடியாததுமாகச் சின்னவள் சின்ன மண்வெட்டியோடு முற்றத்துக்குப் போனாள். பதினொன்று என்று எழுதிய குச்சியைப் பிடுங்கினாள். தான் எடுத்துப் புதைத்தது பழைய மக்கும் பையாக இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை.

மண்வெட்டி எதிலோ வழுக்கியது. கையால் மண்ணை ஒதுக்கினாள். இளம்பச்சை. இலை. ‘நூறு நாளில் நான் மண்.’ ஓர் எழுத்துகூட அழியவில்லை.

மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு அம்மாவைத் தேடிப் போனாள்.

*

அம்மா துணி வெட்டும் அறையில் இருந்தாள். தொழிலாளிகள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிடுவாள். ‘மாஸ்டரம்மா’ என்றால் இந்தப் பட்டறையில் மெஷின்கூடக் கொஞ்சம் மெதுவாக ஓடும்.

சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் உள்ளே, கீழிருந்து மேலே மூன்றாக, கடைசி மடிப்பில் ஒரு குண்டூசி. மணிக்கட்டில் கட்டிய பஞ்சு மெத்தையிலிருந்து ஊசி கைக்கு வருவதும் துணிக்குள் போவதும் கண்ணுக்கே தெரியாது. ஊசியை எடுத்துவிட்டு நாடா கட்டுவது பொட்டலக் கூடத்தின் வேலை. எடுத்த ஊசி அன்றைக்கே அம்மாவிடம் திரும்ப வேண்டும். நாற்பது வருஷமாக ஒரே மடிப்பு. வேறு யார் மடித்தாலும் அந்தக் கூர்மை வராது. ‘அம்மா மடிப்பு’ என்றே அதற்குப் பேர்.

அந்தக் குண்டூசிகளுக்குப் பச்சைக் கண்ணாடித் தலை. மொத்தம் இருபத்துநாலு. எப்போதோ ஒரு குழந்தைச் சட்டையில் ஒன்று தங்கிப்போய்ப் பிஞ்சுத் தோளில் ஏறிவிட்டது. அதிலிருந்து தினமும் சாயந்திரம் அம்மா அவற்றை உரக்க எண்ணுவாள். கணக்கு சரியாகும்வரை ஒருத்தரும் வாசல் தாண்ட முடியாது. அந்த மெத்தையை வேறு யாரும் தொடவும் முடியாது.

“அம்மா, பை மக்கல.”

“தெரியும்.” மடிப்பு நிற்கவில்லை.

“தெரியுமா? எப்பலேர்ந்து?”

“அவன் வாங்கின அன்னைக்கே. என்னைக் கேக்காம அவன் இந்த வீட்ல மூச்சு விட்டிருக்கானா?”

“என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொன்னா நீ ஊரைக் கூட்டியிருப்ப. போகட்டும். முன்னறையிலேர்ந்து பத்தாவது ஜாடியை எடுத்துட்டுப் போ. பையை வெளிய எடுத்துட்டு, அந்த மண்ணைக் குழியில கொட்டி மூடு. பத்து மணிக்குத் தோண்டிக் காட்டு. வேலை முடிஞ்சது.”

சின்னவளுக்குத் தான் சரியாகத்தான் கேட்டோமா என்று சந்தேகம் வந்தது.

“நான் மாட்டேன்.”

அம்மா சட்டையைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. அவளுக்கு அது தேவைப்படுவதே இல்லை.

“ஏழு வருஷத்துக்கு முன்னாடி அந்த வீட்டு வாசல்லேர்ந்து உன்னை யாரு கூட்டிட்டு வந்தா?”

“அண்ணன்.”

“எதுல?”

“வேன்ல.”

“வேன்ல என்ன இருந்துச்சு?”

“துணிக்கட்டு.”

“அந்தத் துணிக்கட்டை ரோட்டுல இறக்கிப் போட்டுட்டு உன் பெட்டியை ஏத்தினான். மழையில அத்தனையும் நனைஞ்சு நாசமாப் போச்சு. என்னைக்காவது ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருக்கானா?”

“இல்ல.”

“நான் சொல்லிக் காட்டுறேன்.”

சின்னவள், “நான்தான் செய்யணுமா? அண்ணி செய்யட்டுமே” என்றாள்.

“அவ மண்வெட்டியைத் தொட்டாலே பாக்குறவங்களுக்குச் சந்தேகம் வரும். உன் மூஞ்சிக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த மூஞ்சிதான் இன்னைக்கு வேணும்.”

“அம்மா...”

“இந்த ஒரு தடவை. மக்குற பை புதுசா வந்து இறங்கியாச்சு, வேணும்னா கிடங்குல போய்ப் பாரு. நாளைலேர்ந்து பழையபடி அதுதான். இதுக்கப்புறம் இந்த வீட்ல உனக்குத் தெரியாம ஒரு துரும்பு நகராது. உன் தலைமேல சத்தியம்.”

அம்மா கையை நீட்டி நிஜமாகவே அவள் தலையில் வைத்தாள். அந்தக் கை அந்தத் தலையைத் தொட்டு எத்தனை வருஷமாயிற்றோ. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அந்த நிமிஷத்தில் சின்னவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

*

பையை வெளியே இழுத்தாள். பத்தாவது ஜாடியின் மூடியைத் திறந்தாள். தானே சலித்து, தானே தேதி எழுதிய மண். அதைக் குழியில் கொட்டினாள்.

மாடி ஜன்னலில் அண்ணி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அண்ணி எந்நேரமும் போனைத்தான் பார்ப்பாள்.

அம்மாவே முற்றத்துக்கு வந்தாள். பையை வாங்கி உதறினாள்.

“இதை நான் அடுப்புல போட்டுடறேன். நீ போய்க் குளி. நல்ல உடுப்பாப் போட்டுக்கோ. அழுத மூஞ்சியோட வந்து நிக்காத.”

சின்னவள் குளித்தாள். நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டாள். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை.

*

பத்து மணிக்கு முற்றம் நிறைந்துவிட்டது. தையல்காரர்கள், சாயம் போடுகிறவர்கள், பொட்டலக் கூடத்துப் பெண்கள் என்று முப்பது பேர். முன்வரிசையில் காஜா அக்கா. பதினெட்டு வருஷமாகப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறவள். சின்னவளைப் ‘பாப்பா’ என்று கூப்பிடும் உரிமை அங்கே அவளுக்கு மட்டும்தான் உண்டு.

நாற்பது கடைக்காரி சாதாரணச் செருப்பும் துணிப்பையுமாக வந்தாள். நகை நட்டு ஒன்றுமில்லை. போட்டிருந்த நாற்காலியில் உட்காரவில்லை. காட்டிய சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைத்தான் முதலில் பார்த்தாள். சின்னவளுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிடித்தவர்களை ஏமாற்றுவது இன்னும் கஷ்டம்.

அண்ணி போனை ஒரு கம்பில் மாட்டினாள். “அறுநூறு பேர் பாக்குறாங்க” என்று கிசுகிசுத்தாள்.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். காலையிலிருந்து அவன் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கப்படுகிறான் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் நினைக்கத் தோன்றும், அவளைப் போன்ற ஆளுக்கு.

தோண்டினாள். ஜாடி மண்ணை அள்ளிச் சல்லடையில் போட்டு ஆட்டினாள். மேலே நாலு பச்சைத் துணுக்குகள் நின்றன. பத்தாவது குழியின் துணுக்குகள்.

“பாருங்க,” என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. “மண்ணாயிடுச்சு.”

அவள் வாழ்க்கையில் இத்தனை பேர் முன்னால் சொன்ன முதல் பொய் அது. முப்பது பேரும் கை தட்டினார்கள். நாற்பது கடைக்காரி தட்டவில்லை.

“இன்னும் ஆழமா தோண்டு.”

அம்மாவின் குரல்.

சின்னவள் திரும்பினாள். “எதுக்கும்மா?”

“தோண்டும்மா. மேடம் நல்லாப் பாக்கட்டும்.”

அம்மாவின் கண்ணில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் மண்வெட்டியை இறக்கினாள்.

வழுக்கியது.

கை நீட்டி எடுத்தாள். பச்சைப் பை. மண் ஒட்டிய பை. காலையில் அம்மாவிடம் கொடுத்த அதே பை. ஆனால் இப்போது அது விரிந்து கிடக்கவில்லை. இரண்டு பக்கமும் உள்ளே, கீழிருந்து மேலே மூன்றாக, கத்தி போல மடிந்திருந்தது.

அவள் குளித்த நேரத்தில், மடிக்காமல் ஒரு பொருளைக் கீழே வைக்கத் தெரியாத ஒரு கை, அவசரத்திலும் மடித்து வைத்திருக்கிறது.

கட்டை விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. மடிப்புக்குள் ஒரு பச்சைத் தலை மின்னியது. ரத்தம் வந்த விரலை அவள் மடக்கிக்கொண்டாள்.

அதற்குள் அண்ணன் கேமராவுக்கு முன்னால் வந்துவிட்டான். கண்கள் கலங்கியிருந்தன. எத்தனை தடவை ஒத்திகை பார்த்தானோ தெரியாது.

“எல்லாரும் எங்களை மன்னிக்கணும். பை விஷயம் முழுக்க என் தங்கச்சி பொறுப்பு. பேர் கெட்டுடக் கூடாதுன்னு அவ எங்களுக்கே தெரியாம பிளாஸ்டிக் பையை மாத்தியிருக்கா. இன்னைக்குக் காலையில பழைய ஜாடி மண்ணை மேல கொட்டி மூடப் பாத்தா. இவளே பாத்துட்டா.” பெண்டாட்டியைக் காட்டினான்.

அண்ணி இன்னொரு போனை உயர்த்திப் பிடித்தாள். மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. சின்னவள் ஜாடியைக் கவிழ்க்கிறாள். பையை வெளியே எடுத்ததும் இல்லை, அம்மா வந்து வாங்கியதும் இல்லை. ஜாடி கவிழ்வது மட்டும் தெளிவாக இருந்தது.

“கூடப் பொறந்தவன்னு பாத்து மூடி மறைச்சிருக்கலாம்,” அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “ஆனா எங்களை நம்பி வாங்குறவங்களுக்குத் துரோகம் பண்ண முடியாது.”

சின்னவள் அண்ணனையே பார்த்தாள். இவன்தானா? மழையில் துணிக்கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, “ஏறு, போகலாம்” என்று கதவைத் திறந்தவன் இவன்தானா?

“பொய்!” கத்திவிட்டாள். “மாத்தினது அவன்! மண்ணைக் கொட்டச் சொன்னது அம்மா! அம்மா, சொல்லேன்!”

அம்மா முன்னால் வந்தாள். மகளின் தோளை அணைத்துக்கொண்டாள். நாற்பது கடைக்காரியிடம் தணிந்த குரலில் சொன்னாள், ஆனால் அறுநூறு பேருக்கும் கேட்கும்படி.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அந்த வீட்லேர்ந்து அடிபட்டு வந்ததுலேர்ந்தே இவ இப்படித்தான். மனசு ஒரு நிலையில இல்ல. பெத்தவ நான், என்ன செய்ய?”

அடி வாங்கியது உண்மை. அதை இத்தனை வருஷம் வெளியே யாருக்கும் சொல்லாமல் காத்தவள் அம்மா. இன்றைக்குத் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டாள்.

சின்னவள் பையை உயர்த்திப் பிடித்தாள். “காஜா அக்கா! நீங்க பாருங்க. இது யாரு மடிப்பு? நான் விரிச்சுத்தானே புதைச்சேன்? நீங்களும் அன்னைக்குப் பக்கத்துல நின்னீங்களே. சொல்லுங்கக்கா, இது யாரு மடிப்பு?”

காஜா அக்கா மடிப்பைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு தன் கால் விரலைப் பார்த்தாள்.

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியல பாப்பா.”

மயிரிழை அகலத்துக்குக் காஜா எடுக்கிறவள். அவளுக்குக் கண் தெரியவில்லையாம். பின்னால் நின்ற இருபத்தொன்பது பேருக்கும் அதே நேரத்தில் அதே வியாதி வந்துவிட்டது.

நாற்பது கடைக்காரி முதல்முறையாக வாய் திறந்தாள். அதுவும் அம்மாவிடம்.

“மூணு வாரத்துக்கு முன்னாடி வேற பேர்ல உங்ககிட்ட ஒரு சட்டை வாங்கினேன். பையைக் கொதிக்கிற தண்ணியில போட்டேன். கரையல. அதைத்தான் உங்களுக்குக் கடிதமா எழுதினேன். நீங்க என்ன செய்யறீங்கன்னு பாக்கத்தான் வந்தேன். மறைப்பீங்கன்னு நெனச்சேன். பெத்த பொண்ணையே சபையில நிறுத்துவீங்கன்னு நெனைக்கல.”

கடிதமா? சின்னவளுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. நாற்பது கடைக்காரிக்கு உண்மை தெரியும் என்பது அம்மாவுக்கு முன்பே தெரியும். மறைக்க முடியாது என்றான பிறகு, ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. கையும் களவுமாகப் பிடிபடும் குற்றவாளி. அதற்காகத்தான் தலையில் கை வைத்தாள்.

“மறைக்காம சொன்னதால ஆர்டர் உங்களுக்குத்தான்,” என்றாள் நாற்பது கடைக்காரி. அண்ணன் மூச்சு விட்டது எல்லாருக்கும் கேட்டது. “ஒரே ஒரு நிபந்தனை. இன்னைக்கே அடுத்த குழியை மூடுங்க. நல்ல பை ஒண்ணு, இந்தப் பிளாஸ்டிக் ஒண்ணு, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. இதைப் பிரிக்க வேண்டாம், இப்ப எப்படி இருக்கோ அப்படியே போடுங்க. குழிக்கு மேல என் ஆளுங்க கேமரா வெப்பாங்க, ராத்திரி பகல் ஓடும். நூறு நாள் ஒரு கை அதைத் தொடக் கூடாது. தொட்டா ஆர்டர் இல்ல. நூறாவது நாள் நானே வந்து தோண்டி என் கடைக்கு வர்றவங்களுக்குக் காட்டறேன்.”

“தாராளமா,” என்றாள் அம்மா.

“இவங்களே புதைக்கட்டும். கெடுத்த கையே செய்யட்டும்.” நாற்பது கடைக்காரி சின்னவளைக் காட்டினாள்.

சின்னவள் மடக்கிய விரலுக்குள் குத்தின இடம் வலித்தது. ஊசியை உருவி இப்போதே காட்டலாம். ‘காலையில என் கையிலேர்ந்து எடுத்திருக்கா, பாவம்’ என்பாள் அம்மா. தோளை இன்னொரு தடவை அணைத்துக்கொள்வாள். ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகும்.

அவள் காட்டவில்லை. விரல் நுனியால் ஊசியை மடிப்புக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள். கிடங்கிலிருந்து வந்த புது மக்கும் பையை விரித்துப் போட்டாள். அதன் பக்கத்தில், மடிப்புக் கலையாமல், அம்மா மடிப்பை வைத்தாள். மண்ணைத் தள்ளி மூடினாள். பன்னிரண்டாவது குச்சியை நட்டாள்.

மதியத்துக்குள் குழிக்கு மேலே கேமரா தொங்கியது. அதில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம்.

*

சாயந்திரம் அண்ணன் பொட்டலக் கூடத்துக்கு வந்து கையை நீட்டினான். சாவிக்கு.

“இனிமே இதை அண்ணி பாத்துப்பா. நீ பின்னாடி ரூம்ல பழைய துணி பிரிக்கிற வேலையைப் பாரு. வெளி ஆளுங்க வந்தா முன்னாடி வராத.”

“ஏண்ணா?” என்றாள். சண்டைக்கு அல்ல. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவன் அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை. “அன்னைக்கு உன்னை வேன்ல ஏத்தினப்பவே நான் யோசிச்சிருக்கணும்” என்றான்.

ஏழு வருஷம் சொல்லிக் காட்டாதவன். ஒரு வழியாகச் சொல்லிவிட்டான். சின்னவள் சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள்.

அவன் போனதும் அம்மா வந்தாள். வாசல்படியிலேயே நின்றாள்.

“என் மேல கோபமா?”

சின்னவள் மேஜையில் கிடந்த நாடாக்களைச் சுருட்டினாள்.

“அவனுக்குப் பொண்டாட்டி இருக்கா, பிள்ளைங்க இருக்கு. அசிங்கப்பட்டா நாலு பேர் சேர்ந்து அசிங்கப்படணும். உனக்கு யாரு இருக்கா? நீ ஒருத்தி. ஏற்கெனவே பட்டவ. இன்னொரு தடவை படறது உனக்குப் பெருசா என்ன ஆகிடப் போகுது?” கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வெட்டும் மேஜையில் துணி வீணாகாமல் அளவு பார்க்கிறவளின் கணக்கு அது. “சாப்பாட்டுக்குக் குறை வராது. மூலையில உன் பாட்டுக்கு இரு.”

“என் தலைமேல சத்தியம் பண்ணினியேம்மா.”

“பண்ணினேன். தலை இருக்குல்ல?”

அம்மா போய்விட்டாள்.

சின்னவள் அழவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஏதோ ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. குளிர்ச்சியாக, நிதானமாக இருந்தது. அது அம்மாவிடமிருந்து வந்த சொத்து என்று அவளுக்கே தெரிந்தது.

*

வேலை முடியும் மணி அடித்தது. முப்பது பேரும் வெட்டும் அறையில் வரிசையாக நின்றார்கள். அம்மா மணிக்கட்டு மெத்தையை அவிழ்த்து மேஜையில் வைத்து எண்ண ஆரம்பித்தாள். ஆர்டர் கிடைத்த சந்தோஷம் குரலில் இருந்தது.

“...இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு, இருபத்து மூணு.”

கை நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். இருபத்து மூணு.

“யாரும் நகராதீங்க. தேடுங்க.”

முப்பது பேரும் மண்டியிட்டார்கள். காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுத்தார்கள். மடித்து வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினார்கள். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று.

“காலையிலேர்ந்து என்னென்ன மடிச்சீங்க மாஸ்டரம்மா? யோசிச்சுப் பாருங்க” என்றது ஒரு குரல், தரையிலிருந்து.

அம்மா யோசித்தாள். அவள் கைகள் தாமாகவே காற்றில் மடித்துப் பார்த்தன. இரண்டு பக்கமும் உள்ளே. கீழிருந்து மேலே மூன்றாக. கடைசி மடிப்பில்...

வலது கை அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

முற்றத்துப் பக்கம் இருந்த ஜன்னலை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அங்கே சிவப்பு வெளிச்சம் கண் கொட்டாமல் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நூறு நாள். ஒரு கை தொடக் கூடாது. நூறாவது நாள் நாற்பது கடைக்காரியின் கையே அதைப் பிரிக்கும். மக்கவே மக்காத பை. ஒரு மடிப்பும் கலையாது.

பின்னறை வாசலில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். கட்டை விரலில் ஒரு சின்னத் துணிக்கட்டு. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா சட்டென்று மெத்தையை எடுத்துக் கையில் கட்டினாள்.

“கிடைச்சிடுச்சு. பஞ்சுக்குள்ள போயிருந்தது. இருபத்துநாலு சரியா இருக்கு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

இத்தனை வருஷத்தில் அவள் அந்த எண்ணைப் பொய்யாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்ட ஊசியை, இனி மகள் எடுத்தாள் என்றும் சொல்ல முடியாது.

எல்லாரும் எழுந்தார்கள். காஜா அக்கா மட்டும் எழவில்லை. மண்டியிட்டபடியே, தன் முகத்துக்கு நேராக இருந்த அம்மாவின் மணிக்கட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன.

“எங்க மாஸ்டரம்மா?” என்றாள். “எனக்கு இருபத்து மூணுதான் தெரியுது.”

அம்மா மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“அவசரமில்லம்மா,” என்றாள் சின்னவள் வாசலிலிருந்து, முப்பது பேருக்கும் கேட்கும்படி. “நூறு நாள் இருக்கு. மெதுவாத் தேடலாம்.”